மெதுவாகப் போவது வேறு, காத்துக் கிடப்பது வேறு

நேற்று ராத்திரி எங்கள் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் குழுவின் வாட்ஸ்அப்பில் மறுபடி அதே பேச்சு. "கேம் ரொம்ப ஸ்லோவா போகுது, ஊர் சுத்துற சீன், ஆள்கிட்ட பேசுற சீன் எல்லாம் கட் பண்ணிடலாம்" என்று ஒருவர் போட, மூன்று பேர் உடனே கட்டைவிரல் தூக்கினார்கள். அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்றால், ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து நடப்பதைச் சொல்லிக்கொண்டு வருவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள், சந்தேகமான இடத்தில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, அதுதான் இதற்கெல்லாம் ஆரம்பம். நாங்கள் ஐந்து பேரும் கேம் மாஸ்டரும் மேற்கு மாம்பலத்தில் ஒரு நண்பர் வீட்டில் ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கூடி எட்டு, எட்டரை வரை ஆடுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். அக்கரையில் கோட்டை, இக்கரையில் ஒரே ஒரு படகுக்காரர். கேம் மாஸ்டர் அவருக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. "காசு கொடுத்து ஏறிட்டீங்க" என்று ஒரே வரியில் தாண்டியிருக்கலாம். ஆனால் எங்களில் ஒருவர் கூலி எவ்வளவு என்று கேட்டார், படகுக்காரர் "பொழுது சாஞ்சா ஓட்ட மாட்டேன்" என்றார், ஏன் என்று இன்னொருவர் கேட்டார், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. துடுப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பதாக கேம் மாஸ்டர் போகிற போக்கில் சொல்ல, தாம்பரத்திலிருந்து வரும் தங்கை, அவர் எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் பாத்திரம், "அது யார் துணி?" என்று கேட்டார். கோட்டைக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத மகனுடைய சட்டை. ஒன்றேகால் மணி நேரம் அந்தக் கரையிலேயே நின்றோம். பகடை மொத்தம் இரண்டு தடவைதான் உருண்டது. யாரும் போனைத் தொடவில்லை, டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு கோட்டை வாசலில் சண்டை. நாங்கள் ஐந்து பேர், காவலர்கள் எட்டுப் பேர். சண்டையில் எல்லாரும் ஆளுக்கு ஒரு முறை ஆடி முடித்தால் ஒரு ரவுண்டு, அது கதைக்குள் 6 விநாடி. நாங்கள் ஆடியது நாலு ரவுண்டு, அதாவது 24 விநாடி. அதற்கு எங்களுக்கு ஆனது ஒரு மணி ஐம்பது நிமிஷம்! அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு நாள் பயணமோ "பன்னிரண்டு நாள் கழிச்சு" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்திருந்தது. தங்கைக்கு ஆட வாய்ப்பு வந்தது நாலு தடவை, ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று. அதிலும் இரண்டு தடவை குறி தப்பியது. நடுவில் என்ன செய்தார் தெரியுமா, தன்னுடைய பகடைகளை நிறவாரியாக அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் காலையில் போன் செய்தேன். எப்போது ஸ்லோவாக இருந்தது என்று கேட்டேன். "சண்டைலதான் அக்கா. நான் என்ன பண்ணப்போறேன்னு யோசிச்சு வெச்சதே மறந்துபோச்சு. படகு சீன் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, அதையா கட் பண்றாங்க?" என்றார்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஸ்லோ என்று நாம் புகார் செய்வதில் பெரும்பகுதி மெதுவாகப் போவதைப் பற்றியது இல்லை, காத்துக் கிடப்பதைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு நல்ல பகுதியை வெட்டிவிடுகிறோம். மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகும், ஆனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவர் அசைய மாட்டார். இரண்டு பேருக்கும் அதே இருபது நிமிஷம்தான். அவர் கை அதில் இருக்கிறது.

வேகம் வேண்டும் என்பவர்களையும் நான் தப்புச் சொல்லவில்லை. வாரம் முழுக்க ஓஎம்ஆர் சாலை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறவர்களுக்கு ஞாயிறு நாலு மணி நேரத்தில் ஏதாவது நடந்தாக வேண்டும், நியாயம்தானே. எங்களிடமும் கெட்ட மெதுவு இருக்கிறது. கோட்டைக்குள் எப்படி நுழைவது என்று திட்டம் போடுகிறோம் பாருங்கள், மூன்று பேர் வாதாடுவோம், இரண்டு பேர் சுவரைப் பார்ப்பார்கள். பிளேட்ஸ் இன் தி டார்க் என்ற கேமில் இதற்கு அருமையான வழி உண்டு. திட்டத்தின் வகையையும் ஒரே ஒரு விவரத்தையும் மட்டும் சொல்லிவிட்டு நேராகக் காரியத்தில் இறங்க வேண்டும். நடுவில் சிக்கினால், "நேத்தே இந்தக் காவல்காரனுக்குப் பணம் கொடுத்திருந்தேன்" என்று பின்னோக்கிப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு உங்கள் பாத்திரம் மன அழுத்தமாக ஒரு விலை கொடுக்க வேண்டும். இதை எங்கள் மேசைக்குக் கொண்டுவரலாம் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். பழைய டி அண்ட் டியிலும் மெதுவுக்கு ஒரு விலை இருந்தது. பாதாளத்துக்குள் 10 நிமிஷம் ஒரு டர்ன், ஆறு டர்னில் தீப்பந்தம் அணைந்துவிடும், தயங்கி நின்றால் ஏதாவது ஒன்று உங்களைத் தேடி வருமா என்று கேம் மாஸ்டர் பகடை உருட்டுவார். அங்கே ஒரு சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஆனால் எல்லாவற்றையும் அவசரப்படுத்துவது எனக்கு ஆகவே ஆகாது. ஒரு தடவை வெளியிடம் ஒன்றில் மூன்று மணி நேர ஒன்-ஷாட்டுக்கு, அதாவது ஒரே அமர்வில் முடிந்துவிடும் கதைக்கு, போனேன். கதவில் என்ன செதுக்கியிருக்கிறது என்று கேட்டேன், "அதை விடுங்க, உள்ள போயிட்டீங்க" என்றார் நடத்தியவர். கிணற்றடியில் நிற்கும் கிழவியிடம் பேசப் போனேன், அதற்கும் அதே பதில். சொன்ன நேரத்தில் முடித்தார், உண்மை. அந்தக் கதையில் ஒன்றுகூட எனக்கு இப்போது நினைவில் இல்லை, அந்தக் கதவையும் கிழவியையும் தவிர.

எங்கள் கேம் மாஸ்டரிடம் நான் கேட்பது சண்டையில் உள்ள காத்திருப்பைக் குறைக்கச் சொல்லித்தான். எட்டுக் காவலர்களுக்கும் தனித்தனியாக உருட்டாமல் நாலு நாலாக இரண்டு கும்பலாக்குங்கள். ஒருவர் ஆடும்போதே "அடுத்தது நீங்க" என்று அடுத்தவருக்குச் சொல்லிவிடுங்கள். நாமும் நம் முறை வந்த பிறகு மந்திரத்தின் விவரத்தைத் தேடி வாசிக்க ஆரம்பிக்கக் கூடாது, அடி படுகிறதா என்று பார்க்கும் பகடையையும் எவ்வளவு சேதம் என்று பார்க்கும் பகடையையும் சேர்த்தே உருட்டிவிடலாம். அப்புறம் பாதிப் பேர் விழுந்த பின்னும் கடைசிக் காவலன் வரை நின்று சாக வேண்டுமா? பழைய பதிப்புகளில் மொரால் என்று ஒரு விதி உண்டு, எதிரிகள் நிற்பார்களா ஓடுவார்களா என்று உருட்டிப் பார்ப்பது. அந்த ஒன்றை எடுத்துக்கொண்டாலே நமக்கு அரை மணி நேரம் மிச்சமாகும் என்று நினைக்கிறேன்.

மிச்சமாகும் அரை மணியில் என்ன செய்வது என்று குழுவில் கேட்டால், என் பதில் தயாராக இருக்கிறது. படகுக்காரரின் மகனை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஓடாமல் சரணடையும் முதல் காவலனிடம் அந்தப் பையனைப் பற்றிக் கேட்காமல் இந்த ஞாயிறு நான் ஒரு படிகூட ஏற மாட்டேன்.