நெட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது
கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில், நூலக, தகவல் அறிவியல் பாடத்துக்குத் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும், அதனால் தெரியாத வினாவைக் காலியாக விட வேண்டும் என்றும், முதல் தாளில் தேறினால் போதும், அதன் மதிப்பெண் கணக்கில் சேராது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார், இரண்டுமே சரியல்ல. 50 வினாக்கள் கொண்ட முதல் தாளின் 100 மதிப்பெண்ணும், 100 வினாக்கள் கொண்ட பாடத்தாளின் 200 மதிப்பெண்ணும் சேர்த்தே, 300-க்கு எடுத்த மொத்தம் பார்க்கப்படுகிறது. கழிவு இல்லாத தேர்வில் வினாவைக் காலியாக விடச் சொல்வதுதான் இதில் அதிகக் கெடுதல். நான்கின் கால வரிசை கேட்கும் வினாவில், நூல்களை வகைப்படுத்தும் டியூயி பகுப்புமுறை 1876, நூலக அறிவியலுக்கு ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் 1931, அவரே உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933 என்பவை நினைவிலிருந்தால், நான்காவது ஆண்டு தெரியாவிட்டாலும் பொருந்தாத விடைகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுள் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம்.