ராத்திரி மீன்தொட்டி மோட்டாரை நிப்பாட்டாதீங்க

நேத்து காலைல ஆறு மணிக்கெல்லாம் மகாராஜநகர்ல இருந்து சித்தி போன். "எய்யா, மீனு பூராம் மேல மெதக்குது, ரெண்டு மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு"ன்னு அழுவாத குறையா சொல்லுதாவ. எட்டு கோல்டு ஃபிஷ், பொங்கல் முடிஞ்ச கையோட வாங்கி சித்தப்பா பாத்துப் பாத்து வளத்தது. ராத்திரி ஃபில்டர் மோட்டார் ஓடுச்சா சித்தின்னு கேட்டேன். "இல்லய்யா, படுக்கும்போது தொட்டி சுச்ச நிப்பாட்டிட்டுத்தான் படுப்பேன், கரண்டு பில்லு ஏறுதுல்லா"ன்னாவ.

அதுக்குத்தான் இத எழுதுதேன், ஏன்னா இது சித்தி மட்டும் செய்யுற காரியம் இல்ல, நம்ம ஊர்ல தொட்டி வச்சிருக்க பாதி வீட்டுல இதான் நடக்கு.

இத்தனை நாளும் நிப்பாட்டித்தான வச்சேன், ஒண்ணும் ஆவலயேன்னு சித்தி கேட்டாவ. நியாயமான கேள்விதான். வாங்குனப்போ மீன் வெரல் நீளம், தண்ணியும் குளிர்ச்சி. இப்போ மீன் கை அகலத்துக்கு வளந்தாச்சு, பாளையங்கோட்டை வெயிலுக்கு தொட்டித் தண்ணி 32 டிகிரி நிக்கி. தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் கொறையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் புடிக்கிற தண்ணி 30 டிகிரில ஏழரைதான் புடிக்கும், ஆனா மீனுக்கு சூட்டுல மூச்சு கூடத்தான் வேணும். செடி வச்ச தொட்டின்னா இன்னும் மோசம், லைட் அணைஞ்ச பொறவு செடியும் ஆக்சிஜனத்தான் எடுக்கும், அதனால விடியக்காலம் நாலஞ்சு மணிக்குத்தான் தண்ணில காத்து ரொம்பக் கம்மியா இருக்கும். சரியா அந்த நேரம் பாத்து, தண்ணியக் கலக்கி காத்து சேக்குற மோட்டாரையும் நம்ம நிப்பாட்டி வச்சிருக்கோம்.

இன்னொண்ணு கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியிருக்க பாக்டீரியாதான் மீன் கழிவுல வர்ற அமோனியாங்குற விஷத்த நைட்ரைட்டா, அப்புறம் கெடுதி கம்மியான நைட்ரேட்டா மாத்திக் குடுக்கு. அதுக்கும் ஓடுற தண்ணியும் ஆக்சிஜனும் வேணும். எட்டு மணி நேரம் நிப்பாட்டுனா அது உள்ளயே சாவ ஆரம்பிக்கும், காலைல சுச்ச போட்டதும் அழுவுன வாடையோட கருப்பா ஒரு தண்ணி வரும் பாத்திருக்கீங்களா, அதுதான். தொட்டியோட ஈரலையே தெனமும் ராத்திரி நிப்பாட்டி வைக்கிற மாதிரி.

எங்க வீட்டுலயும் இது நடந்துச்சு. ஆச்சி ராத்திரி பத்து மணிக்கு வந்து ப்ளக்க உருவிருவாவ. "மீனும் தூங்குற நேரந்தானல, அதுக்கு எதுக்கு கரண்டு"ம்பாவ. எனக்குக் கோவம் வரும், ஆனா அவுகள குத்தம் சொல்ல முடியாது. 2012-ல நாளுக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல கரண்டு இல்லாம கெடந்த வீடு இது. பாபநாசம் பவர் ஹவுஸ், பணகுடி பக்கம் காத்தாலை, அப்போ இன்னும் கரண்டு குடுக்க ஆரம்பிக்காத கூடங்குளம் எல்லாத்தையும் சுத்தி வச்சுக்கிட்டு விசிறி மட்டைய வீசிக்கிட்டு ஒக்காந்திருந்தவுக, ஒரு சுச்சு சும்மா ஓடுனா மனசு பொறுக்காது.

அதனால ஆச்சி கூட வாதாடாம ஒரு ஞாயித்துக்கிழமை மீட்டர் முன்னாடி ஒக்காந்தேன். எங்க மீட்டர்ல சின்னதா செவப்பு லைட் மினுக்கும், 3200 தடவை மினுக்குனா ஒரு யூனிட்டுன்னு அதுலயே போட்டிருக்கும் (உங்க மீட்டர்ல வேற நம்பர் இருக்கலாம், பாத்துக்கோங்க). ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை, செட்டாப் பாக்ஸ் எல்லாத்தையும் உருவிட்டு தொட்டியோட ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் மட்டும் ஓட விட்டு ஒரு மணி நேரம் எண்ணுனேன். 43 தடவை. ஒரு மினுக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒண்ணரை நிமிஷம் கிட்ட ஆவுது, ஆச்சியும் பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்து எண்ணுனாவ. கணக்குப் போட்டா ரெண்டும் சேந்து 13 வாட்டு சொச்சம். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஓடுனா 0.11 யூனிட் கூட வரல. யூனிட் நாலரை ரூவான்னு வச்சாலும் அம்பது பைசாவுக்குள்ள. ரெண்டு மாசம் ராப்பகலா ஓடுனா 19 யூனிட் சொச்சம்.

அப்போ கரண்ட தின்னது எது? மேல இருந்த லைட். பழைய ரெண்டடி ட்யூப், 20 வாட்டு, சோக்கு தின்னுறதையும் சேத்தா 28 வாட்டு கிட்ட வரும். காலைல எட்டுக்குப் போட்டா ராத்திரி பத்துக்குத்தான் அணைப்போம், பாக்க அழகா இருக்குன்னு. ரெண்டு மாசத்துக்கு 23 யூனிட்டுக்கு மேல. அத மாத்தி 10 வாட்டு எல்இடி போட்டு சாயங்காலம் மூணுல இருந்து பத்து வரைக்கும் ஏழு மணி நேரம் மட்டும் எரிய விட்டேன், நாலு யூனிட்டு சொச்சத்துல முடிஞ்சிருச்சு. மிச்சமான 19 யூனிட்டுலயே மோட்டாரும் பம்ப்பும் ராப்பகலா ஓடுது. கண்ணாடில பச்சப்பாசி படியுறதும் பாதியாக் கொறஞ்சிருச்சு.

ஆச்சி பயத்துல ஒரு உண்மையும் உண்டு, அத மறைக்கக் கூடாது. ரெண்டு மாச பில் 500 யூனிட்டத் தாண்டுனா ஸ்லாபே, அதாவது யூனிட்டுக்கு ரேட்டு போடுற அடுக்கே மாறிருது. 2022 செப்டம்பர் ரேட்டுப்படி 500-க்கு 1725 ரூவா, 501-க்கு 1958 ரூவா, ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூவா. அதுக்கப்புறம் ரேட்டு கூடத்தான் செஞ்சிருக்கு. ஏசி ஓடுற வீட்டுல மே மாசம் 490-ல நின்னா இந்த 20 யூனிட் தள்ளி விட்டுரும்தான். ஆனா அப்பக் கூட ஏசிய ஒரு டிகிரி ஏத்தி வைங்க, லைட்டக் கொறைங்க, மீனோட மூச்சுல கை வைக்காதீங்க.

அப்புறம் ஹீட்டர். ஒரு கடையில எனக்கு 100 வாட்டு ஹீட்டர் கண்டிப்பா வேணும்னு வித்தாங்க. 26-ல வச்சேன், மார்கழி விடியக்காலத்துல எப்பவாவது ஹீட்டரோட செவப்பு லைட் எரிஞ்சா உண்டு. குளிர் நாட்டுக்காரங்க வீடியோவப் பாத்து நம்ம ஊர்ல ஹீட்டர் வாங்காதீங்க. கப்பி, மோலி, ஏஞ்சல் மீனு எல்லாத்துக்கும் நம்ம வீட்டுச் சூடே போதும். நமக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கம். கோடைல மூடிய எடுத்துட்டு பழைய கம்ப்யூட்டர்ல இருக்க சின்ன ஃபேன தண்ணி மேல வீசுற மாதிரி மாட்டுங்க, மூணு வாட்டுக்குள்ளதான் இழுக்கும், ரெண்டு மூணு டிகிரி எறங்கும். தண்ணி சீக்கிரம் வத்தும், ஊத்திக்கிட்டே இருக்கணும். கடல் மீன் மட்டும் ஆசப்படாதீங்க, அதுக்கு தண்ணியக் குளுர வைக்கிற சில்லர் வேணும், வீட்டுல இன்னொரு ஃப்ரிட்ஜ் ஓடுற கணக்கு.

கரண்டு போனா இன்வெர்ட்டர் லைன்ல ஏர் பம்ப் ஒண்ணக் குடுங்க போதும், அஞ்சு வாட்டு, விடிய விடிய ஓடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுன்னா ஒரு செம்புல தண்ணிய மோந்து ஒசரத்துல இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தொட்டிலயே ஊத்துங்க. ஆச்சி இப்போ அதத்தான் செய்யுதாவ, நான் சொல்லாமலே.

சித்தி வீட்டுல மிச்சம் ரெண்டு மீன் உயிரோட இருக்கு. ஃபோன்லயே பாதித் தண்ணிய மாத்தச் சொல்லிட்டேன், ரெண்டு நாளைக்கு தீனி போடாதீங்கன்னும் சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை எங்க ஃபில்டர் ஸ்பாஞ்சுல பாதிய வெட்டி, காயாம தொட்டித் தண்ணிலயே முக்கி எடுத்துட்டுப் போயி அவுக ஃபில்டர்ல வைக்கணும், புதுசா பாக்டீரியா வளரணும்னா அஞ்சாறு வாரம் ஆவும், இதுன்னா வெரசா புடிச்சுக்கிடும். போற வழில ஒரு எல்இடியும் வாங்கணும், அங்கயும் இன்னும் பழைய ட்யூப்தான் எரியுது.