எங்கள் வரிக் காசில் ஆயாவா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். ஆகவே முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்ப்பதை அரசாங்கம் பொறுப்பெடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ஒரு அண்ணை எழும்பிப் பேசினார். அவருடைய ஒரு வசனம் மட்டும் மூன்று நாளாகத் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது: "பெத்தவை பாக்கட்டும், எங்கட வரிக் காசில ஆயா வைக்கேலுமோ?" அதற்குக் கைதட்டல் வேறு.

சரி அண்ணை, வரிக் காசையே பேசுவோம். பம்பர்ஸ் பைக்கற்றில் 18 வீத வற் (VAT) வரி நானும்தான் கட்டுகிறேன். ஐந்து வயதில் பிள்ளை பள்ளிக்கூடம் போனால் இலவசம். 1945இலிருந்து அப்படித்தான். "எங்கட காசில வாத்தியாரோ?" என்று எவரும் கேட்பதில்லை. நாலே முக்கால் வயதுப் பிள்ளை மட்டும் தாயின் தனிச் சொத்து!

சட்டம் எனக்குத் தந்தது 84 நாள் பிரசவ லீவு. அது முடிந்ததும் வெள்ளவத்தையில் ஒரு டே கேர் பார்த்தோம். என் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. ஐந்தரைக்கு மூடுவார்கள். எனக்குக் கந்தோர் விடுவது ஐந்து மணிக்கு, கொழும்புக் கோட்டையில். காலி வீதி நெரிசலில் 100ஆம் இலக்க பஸ் என்ன வேகத்தில் வரும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேற்றடியில் மிஸ் கைப்பையோடு நிற்பா, மகன் அவவின் தோளில் நித்திரையாயிருப்பான். அவ திட்டியதில்லை, மணிக்கூட்டை மட்டும் பார்ப்பா. அவவுக்கும் வீட்டில் பிள்ளை இருந்தது.

இதனால்தான் சொல்கிறேன், பிள்ளை பார்ப்பதும் பள்ளிக்கூடம் மாதிரி அரசாங்கத்தின் பொறுப்பாக வேண்டும். ஏழைக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்.

"மூன்றாம் ஆள் வளர்த்தால் பாசம் வராது" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. "நாடு 2022இல் வங்குரோத்தானது, காசுக்கு எங்கே போவது" என்பது நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இலவசக் கல்வியைத் தொடங்கியபோதும் நாங்கள் பணக்காரராக இருக்கவில்லையே. மொன்றியலில் இருக்கும் என் மச்சாள் சொல்லுவா, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997இல் நாளுக்கு ஐந்து டொலருக்குப் பிள்ளை பார்ப்பதைத் தொடங்கினார்களாம். அங்கேயும் இடம் கிடைக்காமல் வரிசையில் நிற்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் ஏன்? மலையகத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலேயே, தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகப் பிள்ளைக் காம்பரா இருந்தது. பாசத்தில் இல்லை, கொழுந்து பறிக்கக் கை வேண்டும். அந்தக் கணக்குக்கூட எங்கள் படித்த ஆட்களுக்கு விளங்கவில்லை.

"அம்மம்மா இருக்கிறாதானே" என்கிறீர்கள். இருந்தா. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, முழங்கால் வலியோடு இரண்டரை வருஷம் என் பிள்ளையைத் தூக்கினா. அங்கே அப்பா தனிய, தானே கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். ரெலிபோனில் "எனக்கென்ன, நல்லா இருக்கிறன்" என்பார். அந்த இரண்டரை வருஷத்தை அவர்களுக்கு எந்த வரிக் காசில் திருப்பித் தருவது? ஒருவரும் சம்பளம் கொடுக்காததால் அது செலவே இல்லை என்று ஆகிவிடுமா?

என்னைத் திமிர் பிடித்தவள் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

அந்த அண்ணையின் பேரனைத் தினமும் காலையில் லிஃப்ட்டில் இடுப்பில் வைத்துக்கொண்டு வருவது அவருடைய மனைவி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவவைக் காணவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சலாம்.