புதுத் தொட்டி வெள்ளையாகக் கலங்கினால் மொத்தத் தண்ணீரையும் கொட்டாதீர்கள்

"புது மீன்தொட்டித் தண்ணீர் பால் மாதிரி ஆனால் விஷம், உடனே முழுசா மாத்துங்க, ஃபில்டர் பஞ்சை குழாய்த் தண்ணீரில் கசக்கிக் கழுவுங்க, ஒரு துண்டு படிகாரம் போடுங்க" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. மூன்றுமே தப்பு.

தண்ணீர் ஊற்றிய உடனே கலங்கினால் அது சரியாகக் கழுவாத கல்லின் தூசி, ஃபில்டர் ஓடினால் அடங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து வெண்புகை மாதிரி வந்தால் அது பாக்டீரியா பெருக்கம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே தெளியும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேறு வகை, அது பஞ்சிலும் கல்லிலும் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும், நீங்கள் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைக் கசக்கினால் அது செத்து மறுபடி முதலிலிருந்துதான். படிகாரம் தண்ணீரின் பிஹெச்சை, அதாவது அமில-கார அளவை, இறக்கிவிடும், மீனுக்கு அது தனி வேதனை.

மீனைக் கொல்வது கலங்கல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கும், அம்மோனியா அளக்கும் டெஸ்ட் கிட்டில் நீங்களே பார்க்கலாம், ஃப்ளோரிடா பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவின் இணையப் பக்கங்களிலும் இது விளக்கமாக இருக்கிறது. அம்மோனியா காட்டினால் கால்பங்கு தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கி மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். பஞ்சை அலச வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

அந்த மெசேஜ் வந்தால் தயவுசெய்து யாருக்கும் தள்ளிவிடாதீர்கள்.