ஐயர் வருகிற அன்று மட்டும் சுத்தமாகும் வீடு

ஐயர் வீடு சந்திக்க வருகிறார் என்று தெரிந்தால் போதும், எங்கள் வீடு பரபரக்கும். (திருநெல்வேலிப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) சோபாவில் குவிந்து கிடக்கும் துவைத்த துணியெல்லாம் படுக்கையறைக் கட்டிலுக்குப் போகும். அந்த அறைக் கதவைச் சாத்திவிடுவோம். டிவி அணையும். டீப்பாயில் வேதாகமம் வந்துவிடும். அவர் ஹாலில் உட்கார்ந்து வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் டிவி ஓட ஆரம்பித்திருக்கும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை, விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. ஆனால் ஆண்டவரையும் நாம் இப்படித்தானே வைத்திருக்கிறோம் என்பது கொஞ்ச நாளாக என்னை உறுத்துகிறது. ஹாலில் அவருக்கு இடம் உண்டு. அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான் நம்முடைய நிஜமான வாழ்க்கை கிடக்கிறது.

கிறிஸ்து இந்த வீட்டின் தலைவர், சாப்பாட்டு வேளைதோறும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி, எல்லாப் பேச்சையும் மௌனமாகக் கேட்கிறவர் என்று ஒரு வாசகப் பலகையைப் பல கிறிஸ்தவ வீடுகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்தது எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் சாப்பாட்டு மேசை.

போன வருஷம் என் மகன் பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகிவிட்டான். ரிசல்ட் வந்த அன்று கத்தினேன். மறுநாளிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். 16 நாள். "அவனுக்குச் சோறு வேணுமான்னு கேளு" என்று அவன் அம்மாவிடம் சொல்வேன். அவன் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். தலையைத் தூக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். அந்த 16 நாளும் ராத்திரி ஒன்பது மணிக் குடும்ப ஜெபம் ஒருநாள்கூடத் தவறவில்லை. பாட்டுப் பாடினோம், அதிகாரம் வாசித்தோம், ஜெபித்தோம், ஆமென் சொன்னோம். என் வாயிலிருந்து அவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

லூக்கா சுவிசேஷத்தை வரிசையாக வாசித்து வந்தோம். 13ஆம் அதிகாரம் வந்த அன்று வாசிக்கிற முறை அவனுடையது. அத்திமரத்து உவமை. மூன்று வருஷமாகக் கனி தேடி வந்த எஜமான் தோட்டக்காரனிடம், "இதை வெட்டிப்போடு, இது நிலத்தையும் ஏன் கெடுக்கிறது" என்கிறான். அந்த இடத்தில் என் பிள்ளை நின்றுவிட்டான். எச்சில் விழுங்கிவிட்டு மேலே வாசித்தான். "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்; நான் இதைச் சுற்றிலுங் கொத்தி, எருப்போடுவேன்."

எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட வசனம்தான். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

தேவனுடைய பொறுமை என்றால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நமக்காகக் காத்திருக்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அந்தத் தோட்டக்காரன் கையில் மண்வெட்டி இருக்கிறது. மரத்தைச் சுற்றிக் கொத்தவேண்டும், வேர் அறுபடாமல் கொத்தவேண்டும், எருவைச் சுமந்து வந்து கையால் அள்ளிப் போடவேண்டும். இன்னும் ஒரு வருஷம் பொறுப்பது என்றால் இன்னும் ஒரு வருஷம் குனிந்து வேலை செய்வது. நான் 16 நாள் செய்ததற்கும் பொறுமை என்றுதான் பெயர் வைத்திருந்தேன். "நான் ஒண்ணும் சொல்லலையே, பொறுமையாத்தானே இருக்கேன்" என்று மனைவியிடமே சொல்லியிருக்கிறேன்.

யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும்போது "நீடிய சாந்தம்" என்று வருகிறது இல்லையா, எபிரெய மொழியில் அதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் மூக்கு நீண்டவர் என்று வரும், அதாவது கோபம் வர நெடுநேரம் ஆகிறவர். மூக்குக்கு மேல் கோபம் என்று நாம் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மூக்குதான். என் கோபத்தை இருபது வருஷமாகச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிறவர் அவர். என்னை வெட்டிப்போடு என்று யாரும் சொல்லி அவர் கேட்கவில்லை.

இது பாவத்துக்குச் சலுகை கொடுக்கிற பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். அந்தத் தோட்டக்காரனே கனி கொடாவிட்டால் பிறகு வெட்டலாம் என்றுதான் முடிக்கிறான். அவகாசம் உண்மையான அவகாசம், அதற்கு முடிவும் உண்டு. அதனால்தான் அதை வீணாக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

"இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தைக் கன்வென்ஷன் கூட்டங்களில் இயேசுவை அறியாதவர்களுக்கான அழைப்பாகவே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அது லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்டது. பாட்டும் ஜெபமும் நடக்கிற ஒரு சபைக்கு! அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருந்தது, பணக்கார ஊர். கி.பி. 60ஆம் ஆண்டுவாக்கில் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே திரும்பக் கட்டிக்கொண்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். சபையும் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்கிறது. ஆண்டவர் வெளியே நிற்கிறார். உள்ளே வந்து என்ன செய்வேன் என்கிறார்? கணக்குக் கேட்பேன் என்று சொல்லவில்லை. உன்னோடு சாப்பிடுவேன் என்கிறார்.

உயிர்த்தெழுந்த அன்று இயேசு, எம்மாவு ஊருக்குப் போன தம் சீஷர் இரண்டு பேரோடும், அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாமலே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். ஊர் வந்ததும் அப்புறம் போகிறவர்போலக் காண்பித்தார். அவர்கள் "எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று" என்று வருந்திக் கேட்டுக்கொண்ட பிறகே உள்ளே போனார். அழைக்காத வீட்டுக்குள் அவர் நுழைகிறவர் அல்ல. வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டு வருகிறோம், கொஞ்சம் இரும் என்று அவர்களும் சொல்லவில்லை. இருந்த அப்பத்தோடு, இருந்த துக்கத்தோடு கூப்பிட்டார்கள். அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் அவரை யாரென்று கண்டுகொண்டார்கள், சாப்பிடுகிற இடத்தில்.

அன்று ராத்திரி ஜெபம் முடிந்து மகன் எழுந்தபோது, "கணக்குப் புத்தகத்தை எடுத்துட்டு வாப்பா" என்றேன். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் மறந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. துணைத்தேர்வு வரைக்கும் தினமும் அந்த மேசையில் அவன் போடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் எனக்குக் கோபம் வந்தது. வந்ததும் அங்கேயே கண்ணைத் திறந்துகொண்டே, "ஆண்டவரே, எனக்குக் கோபம் வருது" என்று சொல்லிவிடுவேன். அவன் முன்னாலேயே.

இப்போது ஜெபத்துக்காக நாங்கள் எதையும் ஒதுக்கி வைப்பதில்லை. நேற்று மனைவி துணி மடித்துக்கொண்டே பாடினாள். என் முறை வந்தபோது நகைக்கடன் வட்டி இரண்டு மாதமாகக் கட்டவில்லை என்பதைப் பிள்ளைகள் கேட்கவே சொல்லி ஜெபித்தேன். கடைசியாக ஏழாவது படிக்கிற மகள், "ஆண்டவரே, நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட், நான் ஒண்ணுமே படிக்கலை" என்றாள். எல்லாரும் ஆமென் சொன்னோம். அவள் அண்ணன்தான் எழுந்துபோய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.