நரம்பு செல்களை எண்ணாத பாதுகாப்புச் சான்று

பார்க்கின்சன் நோய் வந்தவரிடம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் இரண்டே காரணங்களைச் சொல்கிறார்கள்: வயது, பரம்பரை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இந்த மரபணுதான் காரணம் என்று கைகாட்ட முடிகிற நோயாளிகள் சிறுபான்மையினர். 1990இல் உலகெங்கும் சுமார் 25 லட்சம் பேருக்கு இருந்த நோய் 2016இல் 61 லட்சம் பேருக்கு இருந்தது. மக்கள்தொகையும் ஆயுளும் கூடியதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் ஏறத்தாழ 22 சதவீத உயர்வு மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கு வயதின்மேல் பழிபோட முடியாது.

நஞ்சைப் பற்றிப் பேச வேண்டும். அதுவும் உரக்கப் பேச வேண்டும்.

1982இல் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் திடீரென்று உறைந்துபோனார்கள். நடக்க முடியவில்லை, பேச முடியவில்லை, முகத்தில் அசைவே இல்லை. பல ஆண்டுகளில் முற்றக்கூடிய பார்க்கின்சன் அறிகுறிகள் சில நாட்களில் அவர்கள்மேல் இறங்கியிருந்தன. அவர்களில் ஒருவரின் விரல்களுக்கிடையே பென்சிலை வைத்தபோது, என்ன செய்ய வேண்டும் என்று தனக்குத் தெரிகிறது, உடம்புதான் கேட்க மறுக்கிறது என்ற பொருளில் மெல்ல எழுதிக் காட்டினார். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் அவருடைய குழுவினரும் துருவிப் பார்த்ததில், அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட போலி ஹெராயினில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்தது.

அது மூளைக்குள் செய்த வேலையைக் கேட்டால் மனம் பதறுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை எம்பிடிபி எளிதாகக் கடந்துவிடுகிறது. உள்ளே, நரம்பு செல்களைப் பேணிக்காக்கும் துணை செல்களில் உள்ள ஒரு நொதி அதை எம்பிபி பிளஸ் என்ற நஞ்சாக மாற்றுகிறது. உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் சமிக்ஞைப் பொருள் டோபமைன். அதைத் தயாரிக்கும் நரம்பு செல், டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயில் வழியாக, டோபமைன் என்றே ஏமாந்து, அந்த நஞ்சைத் தானே உள்ளே சேர்த்துக்கொள்கிறது. அங்கே அது செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியில் முதல் படியான ‘காம்ப்ளக்ஸ்-1’ என்ற புரதத் தொகுப்பை அடைக்கிறது. ஆற்றல் வற்றுகிறது, தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன, செல் சாகிறது.

ஏன் இந்தச் செல்கள் மட்டும்? நடுமூளையில் கருமை படிந்த சிறு பகுதி ஒன்றில் இருக்கும் இவை, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான இணைப்புகளைத் தாங்கி நிற்கின்றன. யாரும் தூண்டாமலே இரவு பகலாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன. போதாக்குறைக்கு, இவை தயாரிக்கும் டோபமைனே ஆக்சிஜனோடு சேர்ந்தால் செல்லை அரிக்கக்கூடியது. எப்போதும் ஆற்றலின் விளிம்பில் வாழ்கிற செல்லுக்குச் சிறு அடியே போதும். கை நடுங்கத் தொடங்கும்போது இவற்றில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

போதை ஊசி போட்டவர்கள் கதைதானே என்று கடந்துவிடாதீர்கள். எம்பிபி பிளஸின் வேதி அமைப்புக்கு மிக நெருக்கமானது பாராக்வாட் என்ற களைக்கொல்லி. அது எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும், மறுபடி வாங்கும், மறுபடி கொடுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் செல்லுக்குள் ஒரு நஞ்சுத் துகள் பிறக்கும். ரோட்டெனோன் என்ற பூச்சிக்கொல்லி நேராக அதே காம்ப்ளக்ஸ்-1ஐயே அடைக்கிறது. செடி வேரிலிருந்து எடுப்பதால் இயற்கையானது என்று நெடுங்காலம் விற்கப்பட்ட பொருள் அது! 2000இல் எலிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தபோது, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் ஆல்ஃபா சைநியூக்ளின் புரதக் கட்டிகளைப் போன்றவையே அவற்றின் செல்களிலும் தோன்றின. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த இரண்டில் ஒன்றைக் கையாண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது.

பாராக்வாட்டுக்குத் தந்த அனுமதியை 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. பார்க்கின்சனோடு அதற்குள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகள் அனுமதிக் கோப்பில் பரிசீலிக்கப்படாததும் அந்தத் தீர்ப்பு சுட்டிய குறைகளில் ஒன்று. அதற்குப் பிறகும் பிரிட்டனில் அதைத் தயாரித்து மற்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்துவந்தார்கள். தன் மண்ணில் தெளிக்கக் கூடாத ஒன்றை அடுத்தவர் மண்ணுக்கு அனுப்புவதை வணிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"திட்டவட்டமாக நிரூபிக்கப்படவில்லை" என்பார்கள். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு இன்ன நஞ்சால்தான் வந்தது என்று காட்டுவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். தெளித்தவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மரபணு, தலைக்காயம், வயது எல்லாம் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆனால் நிரூபிக்கும் சுமையை நடுங்கும் கையில் ஏற்றுவது எந்த நியாயம்? பொருளை விற்கிறவர் அல்லவா அதைச் சுமக்க வேண்டும்?

உலோகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் உலர்சலவைக்கும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீனைப் பாருங்கள். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் அது குடிநீரில் கலந்திருந்தது. அங்கே 1975 முதல் 1985 வரையிலான காலத்தில் இருந்த வீரர்களை, மாசுபடாத இன்னொரு முகாமில் இருந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது: பார்க்கின்சன் அபாயம் 70 சதவீதம் அதிகம். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதில் ஓரிரு ஆண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள். நோய் வெளிப்பட்டதோ பல பத்தாண்டுகள் கழித்து.

இந்த இடைவெளியில்தான் பாதுகாப்புச் சான்றுகள் ஒளிந்துகொள்கின்றன. எவ்வளவு கொடுத்தால் எலி சாகும், புற்றுநோய் வருமா, குட்டிக்குப் பாதிப்பு உண்டா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். நடுமூளையில் எத்தனை டோபமைன் செல்கள் மிஞ்சின என்று எண்ணிப் பார்ப்பது வழக்கமான சோதனைகளில் கட்டாயமில்லை. எண்ணாததால் இழப்பு இல்லை என்று ஆகிவிடுமா? புதிய பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கேட்பவர் அந்த எண்ணிக்கையையும் கொண்டுவரட்டும். பழையவற்றுக்கு அனுமதி புதுப்பிக்கும்போதும் அதையே கேளுங்கள்.

நரம்பியல் மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் சந்திப்பில் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று தவறாமல் கேட்கிறீர்கள். இருபது, முப்பது வயதில் என்ன வேலை பார்த்தார், எந்த மருந்தைத் தெளித்தார், எந்தக் கரைப்பானில் கை நனைத்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார் என்பதையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.