மேடு மடுவான கதை

நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிற அண்ணன், நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரம். "ஏம்மா, அந்தப் பாதுகாப்புப் பாடத்த மூணாவது தடவையா முழுசாப் பாத்துட்டேன். இன்னமும் முடிக்கலன்னே காட்டுது. நான்தான் எங்கயாவது தப்பா அழுத்துறனா?"

அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. தப்பு முழுக்க எங்கள் பக்கம். நாலு மாதமாக நெஞ்சில் கிடப்பதை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

தினமும் மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டிக்கு பஸ் பிடித்துப் போய், தொழிற்சாலைகளுக்கு ஆன்லைன் பயிற்சிப் பாடம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பாடம் செய்கிற மென்பொருளை எங்கள் ஆபீசில் தேர்ந்தெடுத்த அழகு இருக்கிறதே! விற்பனைக்காரர் வந்தார். கோட்டு போட்ட பொம்மை ஆங்கிலத்தில் பேசியது, அட்டை புரண்டது, அம்பு பறந்தது. எங்கள் சார் சொக்கிப்போனார். "தமிழ் ஒழுங்கா வருமா?" என்று கேட்டேன். "யூனிகோட் சப்போர்ட் இருக்கு மேடம்." அதோடு சரி. ஆளுக்கு வருஷம் ஆயிரம் டாலருக்கு மேல் சந்தா. காசில்லாமல் கிடைக்கிற எச்5பி என்ற பாடம் செய்யும் மென்பொருளையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாமே என்றால், "ஓசின்னா கிளையண்ட் மதிக்கமாட்டாங்கம்மா" என்கிறார்.

யூனிகோட் சப்போர்ட்டாம். எழுத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கணினிக்குள் 'மே' என்பது முதலில் ம, அதற்குப் பிறகு இரட்டைக்கொம்பு. அந்தக் கொம்பைத் தூக்கி ம-வுக்கு முன்னால் வைப்பது திரையில் காட்டுகிறவன் வேலை. எடிட் செய்யும்போது எல்லாம் லட்சணமாக நின்றது. எழுத்தெழுத்தாக வரும் அனிமேஷனைப் போட்டு வெளியிட்டுப் பார்த்தால், கொம்பு ம-வை விட்டு நகர்ந்து அடுத்த எழுத்தின் மேல் போய்ச் சாய்ந்திருந்தது.

அது என்ன பாடம் தெரியுமா? குளோரின் கசிவு. குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். அதனால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டைப் பார்த்துப் போக வேண்டும். நாங்கள் 'மேடு' என்று எழுதியது அவசரமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு 'மடு' என்று நின்றது. மலைக்கும் மடுவுக்கும் என்று பேச்சுக்குத்தான் சொல்வோம், இங்கே நிஜமாகவே மடுவுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தோம்! நல்ல வேளை, ஆளுக்குப் போகும் முன்பே கண்ணில் பட்டது. ஸ்லைடு ஸ்லைடாகத் திறந்து அனிமேஷனைப் பிடுங்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

சரி, அண்ணன் கதைக்கு வருகிறேன். அவர் ஒரே மூச்சில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை. டீ நேரத்தில் பத்து நிமிஷம், பஸ்ஸில் பத்து நிமிஷம், அதுவும் மகளின் பழைய போனில். பாடமும் அது ஓடுகிற தளமும் பேசிக்கொள்ள ஸ்கார்ம் என்று ஒரு பொது விதி இருக்கிறது. விட்ட இடத்தை நினைவு வைக்க அதன் 1.2 பதிப்பு தருகிற இடம் மொத்தம் 4,096 எழுத்து. 2001-இல் வந்த விதி அது. எங்கள் பாடமோ 61 ஸ்லைடு. ஒவ்வொரு பட்டனும் அழுத்தப்பட்டதா, இல்லையா என்பது வரை எழுதிவைக்கப் பார்த்தது இந்தக் கருவி. இடம் நிரம்பியதும் மீதி போன இடம் தெரியவில்லை. அண்ணன் மெனுவைத் தட்டி, முன்பு நிறுத்திய இடத்துக்குத் தாவிக் கடைசி வரை பார்த்துவிடுகிறார். ஆனால் முன்னால் பார்த்த ஸ்லைடெல்லாம் கணக்கில் இல்லை. எல்லாம் பார்த்தால்தான் தேர்ச்சி என்று வைத்தவர்களும் நாங்களே.

ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம் பதிப்பில் அந்த இடம் 64,000 எழுத்து. கிளையண்டின் தளம் அதை ஏற்காது. ஏற்குமா என்று சந்தா கட்டுவதற்கு முன் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வேறு கருவிக்கு மாறலாம் என்றால், மூலக் கோப்பு இதில் மட்டும்தான் திறக்கும். 2020 டிசம்பர் 31-ஓடு, பழைய பாடங்கள் ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஷ் மென்பொருளின் கதை முடிந்தபோது அவற்றை முதலிலிருந்து செய்து அழுதோம். அப்புறமும் புத்தி வரவில்லை.

இப்போது பாடத்தை நாலாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. "பரவாயில்லம்மா, எனக்கு இப்ப மனப்பாடமே ஆயிடுச்சு" என்கிறார். நாளைக் காலை பத்து மணிக்குச் சந்தா புதுப்பிக்கிற கூட்டம். அவர் மகளின் போனை ஒரு நாள் இரவல் கேட்டிருக்கிறேன்.